புதுக்கோட்டை தந்த இரண்டு பதில்கள்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், எந்த டீக்கடை பெஞ்சில் ஒதுங்கினாலும் விசாரிப்பு ஒன்றுதான்: “பிள்ளைய எதுல சேத்திருக்கீக?” எங்கும் சேர்க்கவில்லை என்று பளிச்சென்று சொல்ல எந்தத் தகப்பனுக்கும் வாய் வராது. “பாத்துக்கிட்டிருக்கோம்” என்று இழுப்பார். ஆடி மாதத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துக்குப் போனவர் சாப்பிட்டுவிட்டுச் சும்மா எழுந்து வர முடியாதல்லவா, கல்லூரிச் சேர்க்கையும் அப்படி ஆகிவிட்டது. கையில் இருக்கிறதோ இல்லையோ, வைத்தாக வேண்டும்.

எல்லாரும் கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா என்று அந்தப் பந்தியில் கேட்டால், கேட்டவரைப் பொறாமைக்காரர் என்பார்கள். இங்கே நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு அமெரிக்கா, ஜெர்மனி என்று தேடிப் போக வேண்டியதில்லை. நூறு ஆண்டுக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் இந்த ஊரே படிப்புக்கு இரண்டு உருவங்களைக் கொடுத்திருக்கிறது. ஒன்று, 1880இல் கல்லூரியாக உயர்ந்த மன்னர் கல்லூரி. மற்றொன்று, 1991இல் கிராமம் கிராமமாகப் பரவிய அறிவொளி இயக்கம். முன்னது பட்டம் தந்தது, பின்னது எழுத்தைத் தந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கல்லூரிக்காரர்களும் அறிவொளிக்காரர்களும் சேர்ந்தே கோபிக்கக்கூடும். இருந்தாலும், படிப்பு யாருக்கு, எதற்கு என்ற கேள்வியில் இவ்விரண்டும் எதிரெதிரே நிற்பதைப்போல வேறெதுவும் இங்கே நிற்கவில்லை.

மன்னர் கல்லூரியின் தொடக்கம் 1857இல் ஒரு பள்ளிக்கூடம். அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், ராமச்சந்திர தொண்டைமான் ஆட்சி. 1878இல் சேஷையா சாஸ்திரி நிர்வாகத்துக்கு வந்தார். ஊரின் தெருக்களும் குளங்களும் அலுவலகக் கட்டடங்களும் ஒழுங்குக்கு வந்தது அவர் காலத்தில்தான். பள்ளி கல்லூரியானதும் அதே காலம். கல்லூரி என்றால் இன்று நாம் நினைப்பதுபோல் மூன்று வருடப் பட்டப்படிப்பு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ‘இரண்டாம் தர’க் கல்லூரி, எஃப்.ஏ. என்ற இரண்டு வருடப் படிப்பு வரைதான். பட்டம் வேண்டுமானால் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். சமஸ்தானத்துக்குக் கணக்கு எழுதவும், கோப்பு பார்க்கவும், வெள்ளைக்கார ஏஜெண்டுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதவும் ஆள் தேவைப்பட்டது. அந்தத் தேவை ஒரு சிலரோடு தீர்ந்துவிடும். எனவே கல்லூரி என்பது ஆட்களைச் சலித்து எடுக்கும் இடமாகவே பிறந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு இந்தியாவின் பல கல்லூரிகளும் அப்படித்தான் பிறந்தன.

அந்தச் சல்லடையில் தங்கியவர்கள் பெரிய ஆட்கள். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி இங்கே படித்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். அவரைவிட முக்கியமான பெயர் முத்துலட்சுமி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தகப்பனார் நாராயணசாமி ஐயர் அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்துப் பெண். கல்லூரி முழுக்க ஆண்பிள்ளைகள். ஒரு பெண்ணை, அதுவும் இந்தத் தாயின் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். அங்கிருந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர், பிறகு சட்டமன்றம், தேவதாசி முறை ஒழிப்பு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அந்த வரலாறு எல்லாருக்கும் தெரியும். (ஜெமினி கணேசனும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், நாராயணசாமி ஐயரின் பேரன். இந்த ஊரில் இதைச் சொல்லாமல் யாரும் கட்டுரை எழுதுவதில்லை.)

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்துலட்சுமிக்குக் கல்லூரி ‘கூடுதல் தகுதி’ இல்லை. கல்லூரி இல்லாவிட்டால் அவருக்கு வேறு பாதை என்று ஒன்று வெளியே தயாராகக் காத்திருந்தது. அது எப்படிப்பட்ட பாதை என்று அவர் தாயாருக்குத் தெரியும். வீட்டில் புத்தகம் இருந்தது, சொல்லிக் கொடுக்கத் தகப்பன் இருந்தார். அறிவு மட்டும் போதுமென்றால் கல்லூரி வாசலை மிதிக்காமலே அதை அடைந்திருப்பார். அவருக்கு வேண்டியிருந்தது, பிறப்பைக் காட்டிப் பேசுகிறவன் வாயை அடைக்க முத்திரை குத்திய ஒரு தாள்.

இனி அடுத்த உருவம்.

1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கு அறிவொளி என்ற பெயரில் வந்தது. 1991இல் புதுக்கோட்டையில் அது வேகமெடுத்தபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் ஒரு பக்கம், அரசு அலுவலர்கள் ஒரு பக்கம், பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு ஊரில் இருந்த இளைஞர்கள், அதிலும் பெண்பிள்ளைகள், ஏராளமாக ஒரு பக்கம். சம்பளம் கிடையாது. நடவும் களையும் முடித்து, உலை வைத்து இறக்கி, பிள்ளைகளைச் சாப்பிட வைத்த பிறகுதான் வகுப்பு. திண்ணையில், கோயில் வாசலில், தெருவிளக்கின் கீழே. படிக்க வந்தவர்களில் நாற்பது கடந்தவர்களும் உண்டு. இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்களும் உண்டு.

இங்கே எழுத்தோடு சேர்ந்து சைக்கிளும் வந்தது. பாடத் திட்டத்தில் எங்கே சைக்கிள் என்று டெல்லியில் கேட்டிருப்பார்கள். புதுக்கோட்டையில் கேட்கவில்லை. பேருந்து எப்போது வரும் என்று தெரியாத ஊர்களில், அண்ணனோ புருஷனோ கொண்டுபோய்விட்டால்தான் சந்தைக்குப் போக முடியும் என்றிருந்த பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். முத்து பாஸ்கரன் என்ற அறிவொளித் தொண்டர் எழுதிய சைக்கிள் பாட்டு மாவட்டம் முழுக்க ஒலித்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தார்கள். போட்டிகளிலும் பொது நிகழ்ச்சிகளிலும் ஓட்டிக் காட்டிய பெண்கள் 70,000க்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாயிநாத் எழுதியிருக்கிறார். கடைகளில் பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடு வந்ததையும், பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கியதையும் அவர் குறித்திருக்கிறார். ஆண்கள் சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு பார் இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொண்ட ஒருத்தி தன் தேவைக்கு அதை எப்படித் திருப்பிக்கொள்கிறாள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கல்குவாரிகள் இன்னும் கடினமான பாடம். இந்த மாவட்டத்துப் பாறைகளை உடைக்கிற வேலையில் தலைமுறைக் கடனில் சிக்கிக் கிடந்த குடும்பங்கள் பல. அந்தக் குடும்பங்களின் பெண்கள், அறிவொளியில் எழுத்தும் கணக்கும் படித்தவர்கள், குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆட்சியரின் துணை இருந்ததால் நடந்தது. லோடு எத்தனை போனது, ரசீது எவ்வளவுக்கு, தனக்கு வர வேண்டியது எவ்வளவு என்று அவர்களே எழுதி வைத்துக்கொண்டார்கள். பழைய ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, நெருக்கடி கொடுத்தார்கள். ஆனாலும் கொஞ்ச காலத்துக்காவது, கல்லுடைத்தவளே கணக்கும் பார்த்தாள். இந்த இயக்கத்தை ஆராய்ந்து வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 1996இல் ஒரு நூலே எழுதினார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கல்லூரி ஓர் இடத்தில் இருக்கும், நாம் அதைத் தேடிப் போக வேண்டும். வயது, மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கட்டணம் என்று வாசலில் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எதிலாவது ஒன்று குறைந்தால் திரும்பி வர வேண்டியதுதான். அறிவொளி நம் தெருவுக்கு வந்தது, நமக்கு ஒழிந்த நேரத்துக்கு வந்தது. எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் என்ற சொல்லை நிஜமாகவே எடுத்துக்கொண்டால் படிப்பு இந்த மாதிரிதான் நகர வேண்டியிருக்கும். பகல் பத்து மணிக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளை வந்து பெஞ்சில் உட்கார வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டு ‘எல்லாருக்கும்’ என்று பேசுவதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது.

சொல்லிக் கொடுத்த பொருளிலும் வேற்றுமை உண்டு. அறிவொளியில் கற்றது மறுநாள் காலையே பயன்பட்டது: பஸ் போர்டு, ரேஷன் கார்டு, மனு, அளவுகோல். கல்லூரியில் கற்பது பத்து வருடம் கழித்துப் பயன்படலாம், படாமலும் போகலாம். இதைக் கல்லூரியின் குறையாகச் சொல்லிச் சிரிப்பது ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடனே பயன்படாத ஒன்றை மூன்று வருடம் உட்கார்ந்து படிக்கிற சொகுசு பரம்பரையாகச் சிலருக்கு மட்டுமே இருந்தது. கந்தர்வகோட்டையில் முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கும் அது கிடைக்கட்டுமே. வரலாறு படித்துவிட்டு நெட்டி முறித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாலும் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்க்கும்போது அவனுக்குக் கூடுதலாக ஏதோ தெரியுமல்லவா?

நானும் பார்த்த ஒரு காட்சி. ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கூட்டுறவு வங்கிப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு பேத்தி பரபரத்துக்கொண்டிருந்தாள். பி.எஸ்சி. மூன்றாம் வருடம்.

“அப்பத்தா, இந்தா, இங்கன கைநாட்டு வையி.”

கிழவிக்கு வந்ததே கோபம். “ஆரப் பாத்துடி கைநாட்டுங்குற? பேனாவக் குடு.”

வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். ‘ட’ மட்டும் கொஞ்சம் சாய்ந்து நின்றது. எழுதி முடித்ததும் கீழே ஒரு கோடு வேறு இழுத்தார். அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று பேத்திக்கே தெரிந்திருக்கவில்லை. “கோயில் வாசல்ல ராத்திரியில அறிவொளி நடந்துச்சுல்ல, அப்பப் படிச்சது” என்றார். அதற்கு மேல் என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். “அதுக்கு மேல ஆரு வந்தா?” என்று திருப்பிக் கேட்டார்.

அறிவொளியின் பலவீனம் முழுவதும் அவர் அப்படித் திருப்பிக் கேட்டதில் இருக்கிறது. இயக்கம் ஓய்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டு ஆனபின் எடுத்த 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 77 விழுக்காட்டை ஒட்டி நின்றது. பெண்களுக்கு 69 அளவில். அன்று எழுதக் கற்றவர்களில் ஒரு பகுதியினருக்காவது பழக்கமில்லாமல் எழுத்து கைவிட்டுப் போயிருக்க வேண்டும். கற்றதைத் தக்க வைக்கப் படிக்க ஏதாவது வேண்டும், அடுத்த படி வேண்டும், அந்தப் படியை ஏறினால் யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரிக்கு இந்த மூன்றும் உண்டு. நூலகம் இருக்கிறது, பி.ஏ.வுக்குப் பின் எம்.ஏ. இருக்கிறது, சான்றிதழை அரசு ஒப்புக்கொள்கிறது. அறிவொளியில் படித்தவருக்குக் கிடைத்த திறமை நிஜமானது. அதற்குத் தாள் இல்லை.

தாள் இல்லாதவர் பின்னால் தாள் சம்பாதிக்க முயன்றால் என்ன ஆகும்? திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களையும் ஒரு காலத்தில் நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டன. 2009இல் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வரிசையில் படிக்காமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது. படிப்பின் தரத்தைக் காக்கச் செய்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1991இல் முப்பது வயதில் ‘அ’ எழுதக் கற்று, விடாமல் தொடர்ந்து பட்டம் வரைக்கும் போன ஒருத்தி இருந்திருந்தால், அவளுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: உன் வரிசை சரியில்லை.

வரிசை சரியாக இருப்பவர்கள் கதை வேறு. 2022இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. முதலில் 7,301 இடங்கள், பிறகு 10,117 ஆனது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் போன்ற அந்த வேலைகளுக்குக் கேட்கிற தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. எழுதுவோர் கூட்டத்தில் பி.இ., எம்.ஏ., எம்.எஸ்சி. எல்லாம் இருக்கிறார்கள் என்பது தேர்வு மையத்து வாசலில் நின்ற யாருக்கும் தெரியும். சலிப்பதற்காகச் செய்த சல்லடையில் எல்லாரையும் கொட்டினால், அடுத்த வாசலில் இன்னும் நெருக்கமான கண் வைத்த சல்லடை ஒன்றை வைப்பார்கள். பட்டத்தின் மதிப்பு அது அரிதாக இருந்ததால் வந்தது. சேஷையா சாஸ்திரி காலத்தில் எஃப்.ஏ. போதும். இன்று எம்.ஏ.வும் போதவில்லை. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 விழுக்காடு, நாட்டுச் சராசரி 28.4 என்று 2021-22 கணக்கைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படத் தகுந்ததுதான். அதே கணக்கைத் திருப்பினால், இன்னும் பாதிக்கு மேல் வெளியேதான் இருக்கிறார்கள். அவர்களும் உள்ளே வந்தால் குரூப் 4க்கு எத்தனை லட்சம் பேர்?

அப்படியானால் கைத்தொழில் படிக்கட்டும், எல்லாருக்கும் எதற்குக் கல்லூரி என்று சொல்லிவிடலாமே. தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் காதில் 1953 ஒலிக்கும். ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. எதிர்ப்பில் 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் போயிற்று. கைத்தொழிலின் அருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளையின் பி.டெக். கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்துதான் பேசுகிறார்கள். இது எழுபது வருடமாக மாறவில்லை. யாருடைய கைக்கு எந்தத் தொழில் என்பதை இங்கே சந்தை மட்டும் முடிவு செய்ததில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை நடந்தது இந்த மாவட்டத்தில்தான். அப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளையிடம் போய், பட்டம் என்ன பட்டம், உள்ளூரில் ஒரு தொழில் கற்றுக்கொள் என்று சொல்ல எனக்கு நா எழாது. முத்துலட்சுமிக்கு வேண்டியிருந்த அதே தாள் அந்தப் பிள்ளைக்கும் வேண்டும்.

ஆனாலும் கைத்தொழில் என்றாலே குலத்தொழில் என்று பயப்படுவதும் ஒரு பழைய கணக்கு. பத்தாம் வகுப்பு முடித்தவர் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் சேர்ந்தால் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பி.எச்.இ.எல். 1960களில் திருச்சிக்கு வந்த பின் அதைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்து, எல்லை தாண்டி நம் மாவட்டத்து மாத்தூர் வரை வந்தன. விராலிமலைப் பக்கம் வேறு ஆலைகள். கொதிகலன் குழாய் இணைக்கிற வெல்டருக்கு வைக்கும் சோதனையைப் பார்த்திருக்கிறீர்களா? 6ஜி என்பார்கள். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றிச் சுற்றி, மேலே, பக்கவாட்டில், தலைக்குமேல் அண்ணாந்து என்று எல்லா வாட்டத்திலும் பற்றவைக்க வேண்டும். முதல் ஓட்டு உள்பக்கம் முழுக்க உருகிப் பிடித்திருக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே. உள்ளே காற்றுக்குமிழி அளவுக்கு மிஞ்சி இருந்தால் போச்சு. தேறினவருக்கு வளைகுடா வரை வேலை இருக்கிறது. இது எந்தச் சாதிக்கும் அப்பன் தொழில் இல்லை. அதேசமயம் இதையும் சர்க்கரையாகக் காட்ட வேண்டாம்: கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் பி.எச்.இ.எல். ஆர்டர் சுருங்கியபோது பட்டறைகள் மூடின, வெல்டர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு ஸ்கில் டெஸ்ட் எழுதப் போகிற பிள்ளைகளும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். அறிவொளிக்கு இல்லாமல் போன ‘அடுத்த படி’ இங்கே இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற பள்ளிகள் எத்தனை? ஐ.டி.ஐ. என்றால் ‘மார்க் இல்லாதவன் போகிற இடம்’ என்பதோடு ஊர் நிறுத்திக்கொள்கிறது.

என் முடிவை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு என் பதில், யோசித்துப் போ. மதிப்பெண்ணும் ஆசையும் ஒத்துவந்தால் கல்லூரி; நண்பன் சேர்ந்தான் என்பதற்காகவோ மொய்க் கணக்குக்காகவோ கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் இன்ஜினீயரிங் சேர்வதைவிட அரசு ஐ.டி.ஐ. மேல். பெண்ணுக்கு என் பதில், இப்போதைக்கு, போ. எந்தப் படிப்பானாலும் போ. இது சமத்துவமான பதில் இல்லை என்று தெரியும். ஊர் அவர்கள் இருவரையும் சமமாக வைத்திருந்தால் நானும் ஒரே பதில் சொல்வேன். பிளஸ் டூ முடித்த பையன் வீட்டில் இருந்தால் அவனுக்கு வேலை தேடுவார்கள். பெண் வீட்டில் இருந்தால் அவளுக்கு மாப்பிள்ளை தேடுவார்கள். அரசு மகளிர் கல்லூரியில் அவள் படிக்கும் பாடம் வேதியியலா வணிகவியலா என்பது இரண்டாம் பட்சம். “படிச்சிக்கிட்டிருக்கா” என்று தரகரைத் திருப்பி அனுப்ப மூன்று வருடம் கிடைக்கிறதே, அதற்கு ஈடாக வேறு எந்த நிறுவனமும் இந்த மாவட்டத்தில் எதையும் தருவதில்லை. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபின் போக்குவரத்துச் செலவும் தகப்பனுக்குச் சாக்காக இல்லை. 1991இன் சைக்கிள் செய்த வேலையை இன்று பஸ் கொஞ்சம் செய்கிறது.

அரசுக்கும் இது புரிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஒன்று 1989 முதல் இருந்தது. பின்னாளில் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அதே பெயரில் அதை உயர்கல்வி உதவியாக மாற்றிவிட்டார்கள். புதுமைப் பெண் என்று செப்டம்பர் 5 முதல் மாதம் 1,000 ரூபாய், கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும். ராமாமிர்தம் அம்மையாரும் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர், முத்துலட்சுமியின் சமகாலத்தவர். அவர் பெயரில் கல்யாணப் பணம் படிப்புப் பணமானது அவருக்கே பிடித்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்துப் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. அந்தப் பக்கம் எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களை வைத்து நடக்கிறது, முடிவில் ஒரு தேர்வும் சான்றிதழும்கூட உண்டு. அறிவொளியில் விடுபட்ட தாள் இப்போது சேர்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். 2002 முதல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் திண்ணையிலிருந்து பட்டம் வரை எல்லாப் படியும் போட்டாயிற்று. ஆனால் எழுத்தறிவுச் சான்றிதழுக்கும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கும் நடுவே ராத்திரி வகுப்பு எடுக்க யாரையும் நியமிக்கவில்லை. மாதம் 1,000 ரூபாய் வாங்க ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். நூறு நாள் வேலைத் தளத்தில் மண் அள்ளிக்கொண்டிருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரி, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், இந்த நிபந்தனையில் எங்கே பொருந்துவாள் என்று அதை எழுதியவர்களிடம் கேட்க வேண்டும்.